விரித்த வெள்ளையை இழுத்தெடுத்த சின்னப்பிள்ளையம்மா

சின்னப்பிள்ளையம்மாவின் மகள் ராணி அக்காவின் குரல்பதிவு வந்தபோது நான் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நின்று, ஒரு பழைய ஹெலிகொப்டரின் வால் சுழலியைப் பற்றி முன்பின் அறியாத ஒருவரோடு கைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அம்மா எங்களை விட்டுப் போட்டா. விடியத் தேத்தண்ணி கேட்டவா. ஊத்திக்கொண்டு போறன், ஆள் இல்லை. உன்ர ஹெலிக்காரருக்கும் ஒருக்காச் சொல்லிவிடு." அவ்வளவுதான் பதிவு. பின்னால் யாரோ கதிரை அடுக்குகிற சத்தம் கேட்டது. வால் சுழலிச் சண்டையில் நான் சொன்னதுதான் சரி. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஹெலிக்காரர் என்று அக்கா சொன்னது உங்களைத்தான். என் முகநூல் பக்கத்தில் அந்த ஒற்றைக் காணொளியைப் பார்த்து, அந்த மனுசியோடு சிரித்து, அவரோடு மல்லுக்கட்டி, அவரிடம் ஏச்சு வாங்கிய எல்லோரையும்தான். ஏச்சு வாங்கியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னப்பிள்ளையம்மா ஒரு சொல்லையும் திருப்பி எடுக்காமல்தான் போனார். அவர் சார்பில் நானும் எடுக்கப் போவதில்லை.

காணொளியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அதில் அவர் சொல்கிற ஹெலி, ஐம்பதுகளில் இந்த நாட்டு வான்படைக்கு வந்த முதல் ஹெலிகொப்டர்களில் ஒன்று. மூன்று தகட்டுச் சுழலி, கண்ணாடி மூக்கு, ஓட்டுநரோடு இரண்டு மூன்று பேர் ஏறினாலே மூச்சு வாங்குகிற இயந்திரம். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டு வைஃபையில் உட்கார்ந்து நானே தேடித் தேடிப் படித்தது. அதன் சேவை வரலாறு என்று தேடினால் எங்கே போனாலும் ஒரே வரி: தேடல், மீட்பு, வெள்ள நிவாரணம். எந்த ஊர் வெள்ளம்? யாரை மீட்டது? எந்த மண்ணில் இறங்கியது? ஒன்றும் இல்லை. சுழலித் தகட்டின் நீளத்தை அங்குலம் பிசகாமல் எழுதி வைத்தவர்களுக்கு, அது தூக்கிய மனிதர்களின் பேர் ஒரு பொருட்டாகப் படவில்லை. அந்தக் கோபத்தில்தான் படத்தைப் போட்டு, "வன்னியில இதைக் கண்ட ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். "இதுதான் எங்கட அம்மா வெள்ளை இழுத்த ஹெலியோ?" என்று ராணி அக்கா கீழே எழுதியிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

ராணி அக்காவின் அம்மா, வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் கதிரை ஒன்றில், வாயில் சுருட்டோடு இருந்தார். நான் மிகவும் மரியாதையாகத் தொடங்கினேன்.

"ஆச்சி, சுகமா இருக்கிறீங்களோ?"

"ஆர் உனக்கு ஆச்சி? நான் உன்ர கொம்மாவைப் பெத்தனானோ?"

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"சின்னப்பிள்ளையம்மா எண்டு கூப்பிடு. அம்மாவை விழுங்காமல் கூப்பிடு. ஊரில நண்டு சிண்டெல்லாம் என்னை வெறும் பேரில கூப்பிட்ட காலம் ஒண்டு இருந்தது. அது முடிஞ்சுது."

கைபேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், ஒரு புகை விட்டார். "மூக்குச் சரி. வயிறும் சரி. ஆனா உது இவ்வளவு வடிவில்லை. சேறு பூசிப் பார்." நான் வருடக்கணக்காகத் திரையில் பார்த்துக் கிடந்த இயந்திரத்தை, சேற்றோடு கண்ட ஒரு மனுசி எனக்கு முன்னால் இருந்தார். அதன் பின் அவர் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன். ஏனென்றால் இதை வேறு விதமாகச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டம் ஒன்றுக்கு யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வயல் செய்ய வந்த குடும்பங்களோடு, அவர்களுடைய துணி வெளுக்க வந்த குடும்பம் சின்னப்பிள்ளையம்மாவின் குடும்பம். வெளுப்பது மட்டும் வேலையில்லை. கல்யாணம், சடங்கு, சாமி வீதியுலா, செத்தவீடு எதுவென்றாலும் பெரிய வீட்டார் நடக்கிற வழியில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். அவர்களுடைய கால் வெறும் மண்ணில் படக்கூடாது. விரித்த வெள்ளையை, அதன்மேல் நடக்க வேண்டியவர் நடந்து முடியமுன் எடுக்கவும் கூடாது. "அவைக்குக் காணி குடுத்தாங்கள். எங்களுக்கு அவையின்ர காலைக் குடுத்தாங்கள்" என்பார் அவர்.

அந்த மார்கழியில் மழை விடவில்லை. வாய்க்கால்கள் உடைத்து, திட்டம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. ஊரே ஒரு மேட்டில் ஏறி நின்றது. சின்னப்பிள்ளையம்மா வீட்டு அரிசி நனைந்தது. ஆனால் அவருடைய கணவர் கந்தன், ஊராரின் வெள்ளைத் துணிகளைத் தலையில் காவி, ஒரு சொட்டு ஈரம் படாமல் மேட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். "எங்கட அரிசி போகலாம், அவையின்ர வெள்ளை போகக்கூடாது. அப்பிடி ஒரு மனுசன்" என்று சொல்லும்போது கிண்டலா வருத்தமா என்று தெரியாத ஒரு குரல் வரும்.

அந்த மேட்டில் விதானையாரின் மகள் பூமணிக்கு வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது. தலைப்பிள்ளை. நோவு வருகிறது, பிள்ளை வரவில்லை. சாப்பிடப் பாண் கொண்டுவந்த தோணிக்காரர் அதைக் கண்டுவிட்டுப் போய், மறுநாள் காலையில் செய்தியோடு திரும்பி வந்தார்கள்: ஹெலிகொப்டர் ஒன்று வருகிறது, பூமணியை வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும், அது இறங்க ஓர் இடம் துப்பரவாக்கி வையுங்கோ.

துப்பரவாக்கினார்கள். பற்றை வெட்டினார்கள், கல் பொறுக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. விதானையார் ஊரின் அரச அதிகாரி, அவருடைய சொல்லுக்கு அங்கே மறுசொல் கிடையாது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "துரைமார் ஆகாயத்தால வருகினம். வெறும் மண்ணிலயோ இறக்கிறது? டேய் கந்தன், வெள்ளையை விரி."

கந்தன் விரித்தார். மேட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, பால் ஊற்றியது போல. அதன் தலைப்பில் மாவிலையோடு நிறைகுடமும் வைத்தார்கள். "சுத்திவரக் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. அதுக்கை ஒரு செம்பில தண்ணி நிறைச்சு வைச்சு வரவேற்பு! எனக்கு அப்பவே சிரிப்பு வந்தது. சிரிச்சா அடிப்பினம் எண்டு சீலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான்."

ஹெலி வந்தது. மேட்டுக்கு மேலே தாழ்ந்தது. சுழலிக் காற்று பட்டதும் துணியின் ஒரு தலைப்பு எழும்பி அடித்தது. உடனே ஹெலி மேலே போய்விட்டது. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது, மறுபடி போனது. கண்ணாடிக்குள் இருந்தவர் பக்கத்து யன்னலைத் திறந்து, கையை நீட்டி, கூட்டித் தள்ளுவது போல அசைத்தார். மேட்டில் நின்றவர்கள் அத்தனை பேரும் கும்பிட்டார்கள். அவர் இன்னும் வேகமாக அசைத்தார். இவர்கள் இன்னும் பக்தியாகக் கும்பிட்டார்கள். "அந்தாள் அங்கயிருந்து ஏசுது, இவை இஞ்சையிருந்து அரோகரா சொல்லுகினம்!"

என்னைப் போன்ற ஹெலிப் பைத்தியங்களுக்கு இது உடனே விளங்கும். இறங்குகிற ஹெலியின் கீழே ஒரு துண்டுத் துணி பறந்து சுழலிக்குள் போனால் எல்லாம் முடிந்தது. ஓட்டுநருக்கும் முடிவு, மேட்டில் நிற்பவர்களுக்கும் முடிவு. சின்னப்பிள்ளையம்மாவுக்கு ஹெலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொடியில் காயப்போட்ட சீலை காற்றில் எங்கே போகும் என்பது தெரியும். அவர் கத்தினார்.

"துணியை எடுங்கோ! துணிக்குத்தான் அது பயப்பிடுது!"

"விரிச்ச வெள்ளையை எடுக்கிறதோ?" என்று விதானையார் திரும்பினார். "பிள்ளைத்தாச்சி போற வழி. அபசகுனமாக் கதைச்சியெண்டால் பார்!"

கந்தன் மனைவியின் கையைப் பிடித்தார். "சும்மா இரடியப்பா. விரிச்சது நான், எடுக்கச் சொல்லவேண்டியது அவர்."

"அப்ப அவ சாகட்டுமோ?"

ஒரு கதவுப் பலகையில் கிடத்தியிருந்த பூமணி, அந்த நேரம் தலையைத் திருப்பிச் சின்னப்பிள்ளையம்மாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. பூமணி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வழி முழுக்க வெள்ளை பிடித்தது சின்னப்பிள்ளையம்மாதான். "எடு எண்டும் சொல்லேல்லை, எடுக்காதை எண்டும் சொல்லேல்லை. பாத்தா. அவ்வளவுதான். எனக்குப் போதும்."

ஓடிப்போய்த் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நிறைகுடம் உருண்டது. விதானையாரின் குடைக்காம்பு முதுகில் விழுந்தது, ஒரு முறை அல்ல. விடவில்லை. முழுத் துணியையும் சேற்றோடு சேர்த்துச் சுருட்டி, மேட்டின் ஓரத்தில் போட்டு, அதன்மேல் குந்திக்கொண்டார். ஹெலி இறங்கியது. வெறும் நிலத்தில் இறங்கியது. காற்றில் அவருடைய சீலையும் மயிரும் பறக்க, துணிப் பொட்டலத்தை மட்டும் பறக்க விடாமல் அழுத்திக்கொண்டு இருந்தவரைப் பார்த்து, கண்ணாடிக்குள் இருந்தவர் தொப்பியில் கை வைத்தாராம். "எனக்கு அது மரியாதை எண்டு தெரியாது. தொப்பி பறக்கப்போகுது எண்டு பிடிக்கிறார் ஆக்கும் எண்டு நினைச்சன்."

பூமணியை ஏற்றிக்கொண்டு ஹெலி போன பிறகுதான் மற்றக் கதை தொடங்கியது. "பிள்ளைக்கு ஒண்டு நடந்தால், உன்னை இந்த வெள்ளையிலயே சுத்திக் குளத்தில விடுவன்" என்று விதானையார் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வவுனியாவிலிருந்து செய்தி வரும்வரை, ஊர் சின்னப்பிள்ளையம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கந்தனும்கூட. பிறகு செய்தி வந்தது: தாயும் சுகம், ஆண் பிள்ளையும் சுகம். "உங்களுக்கு எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும்!" என்று நான் துள்ளினேன். "எனக்கு முதுகு நொந்தது" என்றார். "அதுதான் ஞாபகம்."

வெள்ளம் வற்றி, பூமணி பிள்ளையோடு வீடு திரும்புகிற நாள் வந்தது. வாசலிலிருந்து வீடு வரை வெள்ளை விரிக்க ஆள் அனுப்பினார்கள். விரித்தால் நடந்ததெல்லாம் மறக்கப்படும் என்பது கருத்து. சின்னப்பிள்ளையம்மா வந்த ஆளிடம் சொன்ன பதிலை நான் இரண்டு தரம் கேட்டுப் பதிவு செய்தேன்: "அந்தப் பிள்ளை வெறும் நிலத்தால போய்த்தான் உயிரோட இருக்கு. வெறும் நிலத்தாலயே வரட்டும்." அன்றிலிருந்து அவர் ஒருவருக்கும் வெள்ளை விரிக்கவில்லை. ஊர் வேலை நின்றது. கந்தனும் அவரும் கிளிநொச்சிக்கு வந்து, தெருவோரம் லோன்றி என்று ஒரு சலவைக்கடை போட்டார்கள். ஊரில் கதையும் மாறிவிட்டது: விதானையார் புத்தியாக வெள்ளை விரித்து அடையாளம் காட்டி ஹெலியை இறக்கினார் என்று. கோயில் கூட்டங்களில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். பூமணி மட்டும் வருடந்தோறும் பொங்கலுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு லோன்றிக்கு வருவார். கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். "இவதான் உனக்கு இடம் விட்டவா" என்று மகனுக்குச் சொல்வார்.

காணொளியைப் போட்ட அன்று உங்களில் ஒருவர் எழுதினார்: வெள்ளைத் துணி அடையாளம் போடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம், விதானையார் சரியாகத்தான் செய்திருக்கிறார், படிக்காத மனுசி கதை விடுகிறார் என்று. நான் கொதித்துப்போய், கீழ்நோக்கிய காற்று, கட்டாத துணி, சுழலித் தகடு என்று ஒரு கட்டுரை அளவு பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன தட்டுறாய்?" என்று பக்கத்தில் இருந்த சின்னப்பிள்ளையம்மா கேட்டார்.

வாசித்துக் காட்டினேன்.

"உவ்வளவு வேண்டாம். அவரை ஒரு வெள்ளை வேட்டியோட அந்த ஹெலிக்குக் கீழ வந்து நிக்கச் சொல்லு. வேட்டி இருந்தால் நான் சொன்னது பொய்."

அதைத்தான் போட்டேன். அன்று எத்தனை பேர் சிரித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னிப் பெடியன் உனக்கு ஹெலியில் என்ன ஆசை என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்த காலம் இருந்தது. சின்னப்பிள்ளையம்மாவும் பாய்ந்தவர்தான், முள்ளிவாய்க்கால் வரை. நான் கூச்சத்தோடு அதைப் பற்றிக் கேட்டேன். சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் ஒண்டுதான். வந்த சோலி வேற. அது ஒருக்கா இறங்கிச்சுது. பிறகு வந்ததுகள் இறங்கேல்லை. இறங்கினதை ஏன் நான் மறைக்கோணும்? மற்றதையும் ஏன் மறைக்கோணும்?" அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் வெட்கப்பட்டதில்லை.

அந்த ஹெலி பிறகு என்ன செய்தது என்று அவரும் என்னைக் கேட்டார். முல்லைத்தீவுக் கடலில் காணாமற்போன தோணிகளைத் தேடியதாகச் சொல்கிறார்கள் என்றும், கடைசியில் வேறு ஹெலிகளுக்காக அதன் உறுப்புகளைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் விட்டிருப்பார்கள் என்றும் சொன்னேன். "கடலிலயும் ஆராவது நிறைகுடம் வைச்சிருப்பினம்" என்று சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, "கழட்டினவங்கள் அந்தத் தொப்பிக்காரனைக் கேட்டிட்டோ கழட்டினவங்கள்?" என்றார்.

செத்தவீட்டில் நடந்ததைப் பார்க்காதவர்களுக்காகக் கடைசியாக அதையும் எழுதுகிறேன். பாடை வாசல் படலைக்கு வருகிற நேரம், வவுனியாவிலிருந்து செல்வராசா வந்து சேர்ந்தார். பூமணியின் மகன். அன்று தாயின் வயிற்றுக்குள் இருந்து ஹெலியில் போனவர், இப்போது தலை முழுக்க நரை. பூமணி போய்ப் பல காலம். செல்வராசாவின் கையில் புதிதாக வாங்கிய ஒரு கட்டு வெள்ளைத் துணி இருந்தது. விதானையாரின் பேரனான அவர், சேர்ட்டைக் கழற்றிவிட்டு, குனிந்து, தன் கையால் படலையிலிருந்து வீதிவரை விரித்தார். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஊர் செய்ததற்கெல்லாம் இது பதில் என்று நினைத்தேன்.

ராணி அக்கா படலைக்கு வந்தார்.

"அண்ணை, அதை எடுங்கோ."

"ஏன் பிள்ளை? நான் என்ர கையாலதானே விரிக்கிறன். அவாவுக்கு ஆரும் விரிச்சதில்லை."

"ஆர் விரிச்சாலும் விரிப்புத்தான் அண்ணை. அம்மா சொல்லிப்போட்டுத்தான் போனவா. அந்த ஹெலி கேட்ட வெறும் நிலம் தனக்கும் போதுமாம்."

கூட்டத்தில் நின்ற ஒரு முதியவர் பதறிப்போய், "விரிச்ச வெள்ளையை எடுக்கக்கூடாது பிள்ளை!" என்றார்.

பிறகு யாரோ சிரித்தார்கள். செல்வராசாவும் சிரித்துவிட்டார், கண்ணில் நீரோடு. "என்ர அம்மா சொன்ன கதையில வாற அதே வசனம்" என்று சொல்லிக்கொண்டு குனிந்து, விரித்ததைத் தானே இழுத்துச் சுருட்டினார். சுருட்டியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவரிடமிருந்து ராணி அக்கா அதை வாங்கி, படலையோரம் மண்ணில் போட்டு, அதன்மேல் குந்திக்கொண்டார். பாடை போய் மறையும்வரை எழும்பவில்லை. செல்வராசா செருப்பில்லாமல் பாடைக்குத் தோள் கொடுத்து, வெறும் நிலத்தில் நடந்துபோனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குந்தல்தான். அடி விழுந்தாலும், அபசகுனம் என்று கத்தினாலும், மேலேயிருந்து யாரோ தொப்பியில் கை வைத்தாலும், பறக்கக் கூடாததைப் பறக்க விடாமல் இருந்த அந்த இருப்பு. என் பக்கத்தில் அந்த ஹெலியின் சேவை வரலாற்றை நேற்றுத் திருத்திவிட்டேன். "வெள்ள நிவாரணம்" என்ற சொல்லுக்குக் கீழே இப்படி இருக்கிறது: இரணைமடுவின் கீழ் ஒரு மேட்டில், வெறும் நிலத்தில் இறங்கியது. நிலத்தை வெறுமையாக்கிக் கொடுத்தவர் சின்னப்பிள்ளையம்மா.

ஆதாரம் கேட்கிறவர்கள் வெள்ளை வேட்டியோடு வாருங்கள்.